துண்டுக்குள் மூன்று விரல்

சங்குமுனைக்கு வருகிறவர்கள் கண்ணில் கடலுக்கு முன்னால் படுவது விலைத்திரைதான். துறைமுகச் சாலையின் முனையில், இரண்டு இரும்புக் கால்களில், மூன்று மாடி உயரத்துக்கு அது நிற்கிறது. அதில் ஏழு ஐஸ் கம்பெனிகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஐம்பது கிலோ ஐஸ் கட்டி ஒன்றுக்கு அந்த நிமிடத்தில் அந்தக் கம்பெனி கேட்கும் விலை. கட்டி விற்கிறவர் இங்கே காட்டும் விலையைத்தான் வாங்க வேண்டும். ஒரு ரூபாய் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் நாற்பத்தொரு டிகிரியைத் தொட்டிருந்தது. தமயந்தி திரைக்கு அடியில் நின்று அண்ணாந்து படித்தாள். 640. 640. 640. ஏழு பெயரையும் படித்து முடித்தபோது அவளுக்குப் பல் வலித்தது. கடித்துக்கொண்டே படித்திருக்கிறாள்.

அவள் நேர்விலை ஆணையத்தின் விசாரணை அலுவலர். வியாபாரிகள் கூடிப் பேசி விலையை ஏற்றாமல், ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறார்களா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட ஆணையம் அது. அவளுடைய பையில் இரண்டு கோப்புகள் இருந்தன.

முதல் கோப்பில் ஒரே ஒரு தாள். ஜெசிந்தா என்ற படகுக்காரப் பெண் கைப்பட எழுதியது. “ஏழு கம்பெனியும் சேர்ந்து விலை வைக்கிறார்கள். அதனால் என் தம்பி ரீகன் செத்தான். விசாரிக்கவும்.” தாளோடு ஒரு படம் குத்தியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன், தன் நீளத்துக்கு ஒரு சீலா மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கோப்பின் மேல் மதுரைத் தலைமை அலுவலகத்தின் முத்திரை: ஒப்பந்தத்துக்குச் சாட்சியம் இல்லை, முடித்துவிடவும்.

இரண்டாவது கோப்பு நானூறு பக்கம். பர்னபாஸ் என்ற கம்பெனி முதலாளி திரையில் காட்டும் விலையைவிட மலிவாக விற்கிறார் என்று புகார். புகார் கொடுத்தவர்கள் மனிதர்கள் இல்லை. மற்ற ஆறு கம்பெனிகளின் விலைப்பெட்டிகள். ஆறு புகாரும் ஒரே விநாடியில் வந்து சேர்ந்திருந்தன. ஒன்றில் இருந்த வாக்கியம் இன்னொன்றில் இல்லை. இதன் மேலும் முத்திரை இருந்தது: வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியை மூடி முத்திரை வைக்கவும்.

விலையைக் கூட்டியவர்களை விட்டுவிடு, குறைத்தவனைப் பூட்டு. பேருந்தில் வரும்போது இதை அவள் பத்துத் தடவையாவது தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லை.

முதலில் அவள் போனது கோமதிநாயகத்தின் கம்பெனிக்கு. ஏழில் அதுதான் பெரியது. கோமதிநாயகம் தேய்த்த சட்டையும் வாசனையுமாக எழுந்து நின்று, குளிர்ந்த மோர் வரவழைத்தார்.

“நாங்க ஏழு பேரும் சேந்து வெல வைக்கோமா? நல்லா கேட்டிய மேடம்.” அவர் வயிறு குலுங்கியது. “அந்தா தெக்க இருக்கானே ராஜபாண்டி, அவன் மக கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிக வைக்கல. மூணாவது கம்பெனிக்காரனும் நானும் ஒரு சொவத்துக்காகப் பத்து வருசமா கோர்ட்டுக்கு அலையுதோம். நாங்க ஒண்ணா ஒக்காந்து ஒரு டீ குடிச்சோம்னு நிரூபிங்க, இந்தக் கம்பெனிய உங்க பேருக்கு எழுதித் தாரேன்.”

“பின்ன எப்படி ஏழு இடத்துலயும் ஒரே விலை?”

“அத எங்கிட்ட கேட்டா? பெட்டிகிட்ட கேளுங்க.”

சாமி படங்களுக்குப் பக்கத்துத் தட்டில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. யாரோ அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். எட்டு வருடமாக இந்தக் கம்பெனியின் விலையைக் கணந்தோறும் தீர்மானிப்பது அதுதான். ஊரில் எல்லாக் கம்பெனியிலும் இப்படி ஒன்று இருக்கிறது. வேறு வேறு ஊரில் வேறு வேறு ஆட்கள் செய்த பெட்டிகள்.

தமயந்தி நாற்காலியை அதன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “மத்த ஆறு பெட்டிகளோட நீ பேசுறியா?”

“இல்லை,” என்றது பெட்டி. செய்தி வாசிப்பவரின் குரல். “பேசுவதற்கான வசதி எனக்குக் கிடையாது.”

“அப்ப ஏன் 640? ஒரு கட்டி செய்ய ஆகுற செலவு 190தானே?”

“விலையை 620 ஆக்கினால் பதினொரு விநாடியில் மற்ற ஆறும் 600க்கு இறங்கும். எனக்குக் கூடுதலாக ஒரு கட்டிகூட விற்காது. ஆகவே நான் இறக்குவதில்லை. 641 வைத்துப் பார்ப்பேன். மற்றவை தாமும் ஏறினால் அங்கேயே நிற்பேன். ஏறாவிட்டால் திரும்பிவிடுவேன்.”

“இதை யார் உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

“யாருமில்லை. முதல் ஆண்டில் தொண்ணூறு முறை விலையை இறக்கினேன். தொண்ணூறு முறையும் அடி வாங்கினேன். மற்றவையும் அப்படியே கற்றிருக்கும் என்று நினைக்கிறேன்.”

கோமதிநாயகம் முன்னால் குனிந்தார். “நெசந்தான் மேடம். போன வருசம் கோயில் கொடைக்கு, ஊருக்கு ஒரு நன்ம செய்வோமேன்னு நானா கைய வச்சு நானூறுன்னு போட்டேன். மோரக் குடிச்சு டம்ளர வைக்கதுக்குள்ள எல்லாவனும் நூத்தி எம்பதுக்கு வந்துட்டான். செலவுக்கும் கீழ! ரெண்டு நா. எனக்கு நெஞ்சு அடச்சிட்டு. கடைசில இந்தப் பெட்டி, ‘ஐயா, ஏத்தட்டுமா’ன்னு கேட்டுச்சு. ஏத்துலேன்னேன். அது ஏறுனதும் எல்லாம் ஏறிருச்சு. அன்னையிலேர்ந்து நா அதுல கை வைக்கதில்ல.”

“அவங்க விலை உனக்கு எப்படித் தெரியும்?” தமயந்தி பெட்டியிடம் கேட்டாள். கேட்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

“திரையைப் பார்க்கிறேன்,” என்றது பெட்டி. “ஏழு விலையும் ஒவ்வொரு விநாடியும் அதில் வருகிறதே. அது இல்லாவிட்டால் நான் குருடன்.”

மோர் டம்ளர் அவள் கையில் அப்படியே நின்றது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஆணையத்தில் சேர்ந்த புதிதில், அந்தத் திரையை யோசித்தவள் அவள். திறந்த விலை உத்தரவு. நூற்றிருபது பக்கமும் அவள் எழுதியது. அவளுடைய அம்மா பிளவுஸ் தைத்துப் பிழைத்தவள். நூல் வாங்கக் கடைவீதிக்குப் போனால் கடைக்காரர்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், செருப்பைப் பார்ப்பார்கள், பிறகு விலை சொல்வார்கள். பின்னால் வரும் கார்க்கார அம்மாளுக்கு அதே நூல் குறைந்த விலைக்குப் போகும். அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி ஒன்பது வயதில் தமயந்தி நினைத்தாள்: விலையை எல்லாரும் பார்க்கிற மாதிரி வானத்தில் தொங்கவிட வேண்டும். வளர்ந்து, படித்து, உண்மையிலேயே தொங்கவிட்டாள். மாநிலமெங்கும் திரைகள் ஏறின. அவளுக்கு விருது கொடுத்தார்கள். அம்மா அந்த விருதைப் பார்த்துவிட்டுத்தான் இறந்தாள்.

ஏமாற்றுகிறவர்கள் இருட்டில்தான் இருப்பார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஊரைக் கொள்ளையடிக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

*

ஜெசிந்தா கரையில் படகின் அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். எழுந்திருக்கவில்லை.

“வந்துட்டியளா? நீங்க மூணாவது ஆளு. மொத ஆளு எளநி குடிச்சிட்டுப் போனாரு. ரெண்டாவது ஆளு எறா வாங்கிட்டுப் போனாரு. நீங்க என்ன வாங்குதிய?”

“தம்பிக்கு என்ன ஆச்சுன்னு கேக்க வந்தேன்.”

“அதான் எழுதித் தந்திருக்கேனே.”

“மூணு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு முழுசாத் தெரியணும்.”

ஜெசிந்தா தார்க் குச்சியை டப்பாவுக்குள் போட்டாள். “நாப்பது கட்டி ஐஸ் ஏத்துனா இந்தப் படகு நாலு நா கடல்ல நிக்கும். அறுநூத்தி நாப்பதுன்னு ஆனபொறவு பதினஞ்சுதான் ஏத்த முடிஞ்சுது. இந்த வெக்கைக்குப் பதினஞ்சு ஒண்ணர நா தாங்கும். அன்னைக்கு ரெண்டாவது நா மத்தியானம் காத்து மாறிட்டு. தீவுல ஒதுங்கிருங்கன்னு ரேடியோல சொல்லுதான். ஐஸ் இருந்தவம்லாம் ஒதுங்குனான். எந்தம்பி படகுல மீனு நாற ஆரம்பிச்சிட்டு. எனக்குப் போன் போட்டு, ‘அக்கா, ஒதுங்குனா அம்புட்டும் குப்ப, நா ஓட்டியாந்துருதேன்’னான். நாந்தான் சரி வாலேன்னேன்.” அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “படகு வந்துச்சு. கவுந்து வந்துச்சு. இதே படகுதான்.”

தமயந்தி தார் பூசிய பலகையைக் குனிந்து பார்த்தாள்.

“கேஸ முடிக்கப் போறிய, அதானே? மூஞ்சியப் பாத்தாலே தெரியிது.”

“ஒப்பந்தம் இருந்தாத்தான் தண்டிக்க முடியும்னு சட்டம். அவங்க பேசிக்கல. பேசாமலே...”

“பேசாமலே ஒருத்தன் என் வீட்டுல புகுந்தா அவன் களவாணி இல்லையா?”

ஜெசிந்தா மறுபடி குச்சியை எடுத்தாள். “பர்னபாஸ் அண்ணாச்சியையும் மூடப் போறியளாமே. அவரு ஒருத்தர்கிட்டதான் இப்பம் நாங்க நாப்பது கட்டி ஏத்துதோம். அதையும் மூடிட்டுப் போங்க. பொறவு என்னையும் எழுதிக்கிடுங்க, எந்தம்பி பேருக்குக் கீழ.”

*

பர்னபாஸின் கம்பெனி வரிசையில் கடைசி. வாசலில் கண்காணிப்புக் கேமரா ஒன்று, ஆணையம் எல்லாக் கம்பெனியிலும் மாட்டியது, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. பர்னபாஸ் ஒடிசலான ஆள். ஐம்பது வயது. தோளில் ஈரத் துண்டு. ஐஸ் தொழிலுக்கு வருமுன் எட்டயபுரம் சந்தையில் ஆட்டுத் தரகராக இருந்தவர்.

“பூட்டு கொண்டாந்திருக்கியளா மேடம்? இல்ல, நானே தரணுமா?”

“மலிவா விக்கிறீங்களா, இல்லையா?”

“அறுநூத்தி நாப்பதுதான் வாங்குதேன். திரையில என்ன இருக்கோ அது. கேமராவப் போட்டுப் பாருங்க.”

“பாத்தேன். பத்துக் கட்டிக்கு விலை வாங்கிட்டு இருபத்தஞ்சு கட்டி படகுல ஏத்துறீங்க. அது எங்க எப்பப் பேசி முடிவாச்சுன்னுதான் தெரியல. ஒருத்தர் வாயும் அசையல. வந்தவங்க கையக் குடுக்குறாங்க, போறாங்க.”

பர்னபாஸ் துண்டைத் தோளிலிருந்து இறக்கி, தன் வலது கைமேல் விரித்தார்.

“கையக் குடுங்க.”

அவள் தயங்கிவிட்டுத் துண்டுக்குள் கையை நீட்டினாள். உள்ளே ஐஸைத் தொட்டுத் தொட்டு மரத்துப்போன ஒரு கை அவளுடைய மூன்று விரலைப் பிடித்து அழுத்தியது. விட்டது.

“பத்துக் கட்டி வாங்குனா, ஒரு வெரலுக்கு அஞ்சு கட்டி. மூணு வெரல்னா பதினஞ்சு கொசுறு. ஆட்டுச் சந்தையில இப்பிடித்தான் வெல பேசுவோம்.”

“எதுக்கு மறைச்சுப் பேசணும்? நேர்மையான விலைன்னா வெளியில சொல்ல வேண்டியதுதானே?” கேள்வி அவள் வாயிலிருந்து பழக்கத்தில் வந்தது. நூற்றிருபது பக்கத்தின் முதல் வரி அது.

“வெளிய சொன்னா பக்கத்துல நிக்கிற தரகனுக்குத் தெரிஞ்சிருமே. தெரிஞ்சிட்டா அவன் நிம்மதியாயிருவான். துண்டுக்குள்ள நடந்தா அவனுக்கு வயித்தக் கலக்கும். இவன் எம்புட்டுக்கு எறங்குனானோ, நம்ம ஆட்ட எவனும் வாங்காமப் போயிருவானோன்னு. அந்தக் கலக்கத்துலதான் மேடம் அவனும் எறங்குவான். வாங்குதவனுக்கு அதுதான் லாபம்.” அவர் துண்டை மடித்தார். “ரீகன் போறதுக்கு மொத நா எங்கிட்டதான் வந்தான். ‘அண்ணாச்சி, ஒரு இருவது கட்டி சேத்துக் குடுங்க’ன்னான். பெட்டி அறுநூத்தி நாப்பதுங்குதுலேன்னேன். அடக்கம் முடிஞ்சு வந்து, பழைய டிரங்குப் பெட்டியத் தெறந்து இந்தத் துண்ட எடுத்தேன்.”

தமயந்தி சாலைக்கு வந்தாள். சாலையின் முனையில் திரை வெயிலோடு வெயிலாகத் தகதகத்தது. அவளுக்கு அதன்மேல் கல்லை எடுத்து எறிய வேண்டும் போல் இருந்தது. ஏழு பெட்டிகளுக்கும் பயமே கிடையாது. அடுத்தவன் என்ன செய்கிறான் என்று விநாடிக்கு விநாடி தெரிந்தவனுக்கு என்ன பயம்? ஏழு வியாபாரிகளுக்கும் கண் கொடுத்தவள் அவள். அந்தக் கண்ணுக்கு மின்சாரம்கூட அரசாங்கம் கொடுக்கிறது.

பிறகு உத்தரவின் தொண்ணூற்றாறாம் பக்கம் அவளுக்கு நினைவு வந்தது. பராமரிப்புக்காக, விசாரணை அலுவலர் திரையை மூன்று நாள் வரை அணைத்து வைக்கலாம். அதையும் எழுதியவள் அவள்தான். காக்கை எச்சத்தைக் கழுவுவதற்காக எழுதியது.

இரும்புக் காலில் இருந்த சிறு கதவில் அவள் கைரேகையை வைத்தாள். செவ்வாய்க்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்குமுனையின் விலைத்திரை கறுத்தது.

கால் மணி நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது.

“போர்ட அணைச்சிட்டு எங்கள மொட்டையடிக்கவா?”

“எவன்கிட்டம்மா வாங்குன நீ?”

“போர்டு இருக்கும்போதே அறுநூத்தி நாப்பது! இல்லன்னா ஆயிரம்பான்!”

ஒரு தேங்காய் மட்டை அவள் தோளுக்குப் பக்கத்தில் பறந்து போனது. அவளுக்குப் பயத்தைவிட அதிகமாக வந்தது வெட்கம். இவர்கள் அந்தத் திரையை நேசிக்கிறார்கள். தங்களை ஏமாற்றாத ஒன்றே ஒன்று அது என்று நம்புகிறார்கள். அவள் அம்மாவும் நம்பியிருப்பாள்.

“ஏ, நிறுத்துங்கல!” ஜெசிந்தா தார்க் கையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தமயந்தியைப் பார்த்து, “எதுக்கு அணச்சிய? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

“அந்தப் பெட்டிக அதைப் பாத்துத்தான் விலை வைக்குதுங்க. கண்ணைக் கட்டினா என்ன பண்ணுதுன்னு பாக்கணும்.”

ஜெசிந்தா திரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “மூணு நா எவனும் ஒரே கம்பெனியில வாங்கக் கூடாது. ஏழு ஜன்னல்லயும் போய்க் கேளுங்க. எவன் கொறச்சுச் சொல்லுதானோ அவங்கிட்ட வாங்கு. அடுத்தவன் என்ன சொன்னான்னு மட்டும் வாயத் தெறக்காத. சொன்னவன் வலைய நா அறுப்பேன்.”

அன்று முழுக்க 640தான். புதன்கிழமை காலையில் ராஜபாண்டியின் பெட்டிக்கு விற்பனை கொஞ்சம் மந்தமானது. யாரோ குறைத்திருக்கிறார்கள் என்று அது நினைத்தது. யாரும் குறைத்திருக்கவில்லை, இரண்டு படகு எஞ்சின் கோளாறில் கரையிலேயே நின்றுவிட்டன, அவ்வளவுதான். அது 590க்கு இறங்கியது. அந்த ஜன்னலில் கூட்டம் சேர, மற்றவற்றில் குறைந்தது. மதியத்துக்குள் 500. கோமதிநாயகத்தின் பெட்டி, “ஐயா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்,” என்றதாம். எட்டு வருடத்துக்குப் பிறகு கோமதிநாயகம் ஜன்னலில் வந்து உட்கார்ந்து, எதிரே வருகிறவன் முகத்தைப் பார்த்து, வியர்த்து, விலை சொன்னார். வியாழக்கிழமை 380. வெள்ளிக்கிழமை காலை, தமயந்தி ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் தானே கேட்டபோது, அதிகம் சொன்னவர் 270, குறைத்துச் சொன்னவர் 230. ஏழு இடத்திலும் ஏழு விலை.

ஜெசிந்தாவின் படகு நாற்பது கட்டி ஏற்றிக்கொண்டு போனது.

தமயந்தி பூட்டை எடுக்கவில்லை. அறிக்கை எழுதினாள். பர்னபாஸின் கம்பெனியை மூடக் கூடாது. திறந்த விலை உத்தரவைத்தான் மூட வேண்டும். அதை எழுதியவர் தவறு செய்தார். கீழே கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு மணிக்குத் திரை தானாக எரிந்தது. பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு ஏழு இடத்திலும் 640.

*

ஒரு மாதம் கழித்து மதுரையில் விசாரணை. ஜெசிந்தாவின் கோப்பு அங்கே வரவில்லை. வந்தது வேறு ஒரு மனு. ஏழு விலைப்பெட்டிகளும், இந்த முறை பர்னபாஸுடைய பெட்டியும் சேர்ந்துதான், தமயந்தியின்மேல் கொடுத்தது.

சுவரில் ஒரு படத்தைக் காட்டினார்கள். பர்னபாஸின் வாசல் கேமரா எடுத்தது. ஒரு பெண், ஒரு ஆண், நடுவில் ஒரு துண்டு. படம் சத்தமில்லாமல் பதினொரு விநாடி ஓடியது.

“இந்தத் துண்டுக்குள் என்ன பேசிக்கொண்டீர்கள்?” தலைமை உறுப்பினர் மரியாதையாகத்தான் கேட்டார். அவளுக்கு விருது கொடுத்த மேடையில் இருந்தவர் அவர்.

“ஒன்றும் பேசவில்லை.”

“கையைப் பிடித்து ஒரு விலை சொல்லப்பட்டது. அன்று நண்பகல் நீங்கள் திரையை அணைத்தீர்கள். அவருடைய கம்பெனி தப்பித்தது. இது ஒப்பந்தம் இல்லையா?”

ஒரு மாதமாக அடக்கிவைத்தது அவளுக்குள்ளிருந்து வெளியே வந்தது. “ஏழு பேர் எட்டு வருசமா ஒரே விலை வைக்கிறாங்க. ஒருத்தன் கடல்ல செத்துட்டான். அது ஒப்பந்தம் இல்லை, ஏன்னா அவங்க கையைத் தொட்டுக்கலை! ஒரு மனுசன் இன்னொரு மனுசன் கையத் தொட்டுட்டா அது உங்களுக்கு ஒப்பந்தம். ரத்தமும் சதையுமா ரெண்டு பேர் இருந்தாத்தான் உங்க சட்டத்துக்குக் கண்ணு தெரியுமா?”

“சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல,” என்றார் அவர். “துண்டுக்குள் சொல்லப்பட்ட விலை என்ன?”

பர்னபாஸ் எதிர் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் துண்டு இல்லை. அதைச் சாட்சிப் பொருளாக எடுத்து உறைக்குள் போட்டிருந்தார்கள்.

“என் உத்தரவின் முதல் பக்கத்தைப் படியுங்கள்,” என்றாள் தமயந்தி. “விலை என்றால் கண்ணால் பார்க்கக்கூடியது. நான் எதையும் பார்க்கவில்லை.”

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ஆணையம் தொடங்கிய பதினாறு வருடத்தில் முதன்முதலாக ஒரு இரகசிய ஒப்பந்தம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்று அதில் பெருமையோடு குறிப்பிட்டிருந்தார்கள். பர்னபாஸின் கம்பெனிக்கு ஆறு மாதம் பூட்டு. தமயந்திக்கு வேலை போனது. தொண்ணூற்றாறாம் பக்கம் நீக்கப்பட்டது. இனித் திரையை யாரும் அணைக்க முடியாது, எச்சத்தைக் கழுவுவதற்குக்கூட.

*

பத்து நாள் கழித்து அவள் சங்குமுனைக்குப் போனாள். முடித்துவிட்ட கோப்புகளைப் பழைய தாளுக்குப் போடுமுன் ரீகனின் படத்தை மட்டும் உருவி எடுத்து வைத்திருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

திரை எரிந்துகொண்டிருந்தது. ஆறு பெயருக்கு எதிரே 640. ஏழாவது இடம் காலி. அவள் அதை அதிகம் பார்க்காமல் கரைப் பக்கம் திரும்பினாள்.

ஜெசிந்தா படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். தமயந்தி எண்ணவில்லை, எண்ணாமலே தெரிந்தது. படகு நிறைய ஐஸ்.

“இது எங்க வாங்குனது? அவரு கம்பெனி பூட்டியிருக்கே?”

ஜெசிந்தா படத்தை வாங்கி, முந்தானையால் துடைத்து, எஞ்சின் அறையின் உள்சுவரில் செருகினாள். “கோமதிநாயகம் அண்ணாச்சிகிட்ட. அந்தா அவரே வாராரு, கேளுங்க.”

கோமதிநாயகம் வந்தார். தேய்த்த சட்டையின்மேல் பச்சைக் கரை போட்ட புதுத் துண்டு. கடைச் சீட்டு இன்னும் அதன் மூலையில் ஒட்டியிருந்தது.

“மேடம், நல்லா இருக்கியளா? அந்த மூணு நாளு ஜன்னல்ல ஒக்காந்தேன் பாத்தியளா, அன்னைக்குத்தான் நா யாவாரி. பெட்டி வந்தபொறவு சும்மா வாடக வாங்குதவன் மாதிரில்லா இருந்தேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ராஜபாண்டி மூணு வெரல் குடுக்கான். பத்திரிக வைக்காத பய, அவன் மூணு குடுத்தா நா விட்ருவனா?”

துண்டு அவர் தோளிலிருந்து சரிந்து அவர் கையையும் தமயந்தியின் கையையும் மூடியது. உள்ளே அவளுடைய நான்கு விரல்கள் அழுந்தின.

“ஆறு பெட்டியும் புகார் எழுதாதா?” என்றாள் அவள்.

“ஒருத்தன் மட்டும் செஞ்சா யாவாரம் அவம்பக்கம் சாயும், பெட்டி மோப்பம் புடிச்சிரும். எல்லாவனும் செஞ்சா அதுக்கு என்ன தெரியும்? போர்டுல அறுநூத்தி நாப்பது. அது சந்தோசமா இருக்கு.”

அவள் சாலையைப் பார்த்தாள். ராஜபாண்டி வாசலில் நின்றார், தோளில் சிவப்புத் துண்டு. மூன்றாவது கம்பெனிக்காரருக்கு நீலம். வரிசையாக ஆறு வாசல், ஆறு துண்டு. பூட்டிக் கிடந்த ஏழாவது வாசலின் படியில் பர்னபாஸ் பீடி பிடித்தபடி, எல்லாருக்கும் நடுவே வெறும் தோளோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் இதில் ஒன்றும் இல்லை. அதை நினைத்ததும் அவளுக்கு மறுபடி பல் வலித்தது.

“நீங்க தமயந்தி மேடம்தானே?”

பின்னால் ஒரு இளம் பெண் நின்றாள். கழுத்தில் ஆணையத்தின் அடையாள அட்டை, கையில் திறந்த விலை உத்தரவின் புதிய பதிப்பு. கண்களில் நல்லது செய்ய வந்தவளின் பரபரப்பு. அந்தப் பார்வையைத் தமயந்திக்கு நன்றாகத் தெரியும்.

“உங்க இடத்துக்கு நான்தான் வந்திருக்கேன். கோவிச்சுக்காதீங்க. உங்க உத்தரவைப் படிச்சுத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.” அவள் சாலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரையை. பிறகு மறுபடியும் சாலையை. “விலையெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு புரியல மேடம். இந்த ஊர்ல ஏன் எல்லா முதலாளியும் தோள்ல துண்டு போட்டுட்டு நிக்கிறாங்க?”

பன்னிரண்டு வருடம் ஒரு பொய்யும் எழுதாத தமயந்தி, ஜெசிந்தாவின் படகை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

“வெயில்,” என்றாள்.